நாலடி உருண்ட வண்டிக்கு ஒரு மேல்முறையீடு

இரண்டு நாளாகக் கயிறு கட்டிக் கட்டிச் சுடலைக்கண்ணனின் வலது கால் பெருவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. தொட்டால் உயிர் போனது. தொடாவிட்டால் பாதி உயிர் போனது.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் டிரெய்லர்கள் வரிசை பிடித்து நின்றால் அது எப்போது நகரும் என்று கடவுளுக்கே தெரியாது. கப்பல் தாமதம் என்பான் ஒருவன், ஸ்கேனர் ரிப்பேர் என்பான் இன்னொருவன். ஓட்டுநர் தூங்காமல் என்ன செய்வான்? தூங்கினால் முன்வண்டி நகர்வது தெரியாது. அந்த இடைவெளியில் எவனாவது மூக்கை நுழைத்துவிட்டால் அப்புறம் வாய்ச்சண்டை, கைச்சண்டை, ஒரு நாள் நஷ்டம். அதற்காகத்தான் கயிறு. முன்வண்டியின் வாலில் ஒரு முனை, கேபின் ஜன்னல் வழியாக வந்து தூங்குகிறவன் பெருவிரலில் மறுமுனை. முன்வண்டி நகர்ந்தால் விரல் இழுபடும், ஆள் எழுந்துவிடுவான். முடிச்சில்தான் சூட்சுமம். முதல் இழுப்பில் ஆள் முழிக்க வேண்டும், இரண்டாம் இழுப்பில் முடிச்சு உருவிக்கொள்ள வேண்டும். உருவாவிட்டால் ஆளுக்கு முன்னால் விரல் துறைமுக யார்டுக்குள் போய்விடும்.

சுடலைக்கண்ணன் முப்பது வருடம் டிரெய்லர் ஓட்டியவர். அவர் முடிச்சு ஒருநாளும் தப்பியதில்லை. அன்று காலை பதினொரு மணி வெயிலில், மேம்பாலத்து இறக்கத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். விரல் சுண்டியது. கண்ணைத் திறக்காமலே கை போய் பிரேக்கை விட்டது. இறக்கத்தில் என்ஜின் போடாமல் உருட்டு, டீசல் மிச்சம் என்பது ஆபீஸ் உத்தரவு. வண்டி உருண்டது.

முன்வண்டி நகரவே இல்லை.

இரண்டு வண்டிக்கும் நடுவில் டீக்கார அம்புரோஸ் மொபெட்டை நிறுத்தியிருந்தான். மொபெட்டின் பின்னால் டீ கேன். கேனுக்குப் பக்கத்தில், கிளாஸை வாயில் வைத்தபடி, ரோந்து வந்த ஒரு போலீஸ்காரர். நாலடி. அளந்து பார்த்தவர்கள் நாலடிதான் என்றார்கள். மொபெட் சாய்ந்தது, கேன் கவிழ்ந்தது, கொதிக்கிற டீ அம்புரோஸின் இடது பாதத்திலும் போலீஸ்காரரின் பேண்டிலும் ஊற்றியது.

அம்புரோஸ் பாதத்தோடு போயிருந்தால் அது அங்கேயே பேசி முடிந்திருக்கும். பேண்ட் அப்படி முடிகிற சமாச்சாரம் இல்லை.

முதல் தகவல் அறிக்கையில் 'டிரெய்லரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் வகையிலும் ஓட்டிவந்து' என்று எழுதியிருந்தது. சுடலைக்கண்ணன் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"அதிவேகமாவா? என்ஜினே போடலையே சார்."

"எல்லாருக்கும் அப்படித்தாம்வே எழுதுவோம். உமக்குன்னு தனியா ஒண்ணு எழுத முடியுமா?" என்றார் எழுதினவர்.

டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் மேனேஜர் கிருபாநிதிக்கு இதெல்லாம் தண்ணீர் குடிக்கிற மாதிரி. "ஒத்துக்கிடும்வே. கேஸ் நடத்துனா பத்து வாய்தா, பத்து நாள் கூலி போச்சு. ஒத்துக்கிட்டா பதினோரு மணிக்கு அபராதம் கட்டிட்டு, பன்னெண்டு மணிக்கு வண்டில ஏறிரலாம். நம்ம டிரைவர்மார் எல்லாரும் அப்படித்தான்."

அது உண்மை. அந்த ஆபீஸ் ஓட்டுநர்கள் செய்ததையும் ஒத்துக்கொள்வார்கள், செய்யாததையும் ஒத்துக்கொள்வார்கள். நிரபராதியாக இருக்க அவர்களுக்கு நேரம் கிடையாது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சுடலைக்கண்ணனின் முறை வந்தது. குற்றச்சாட்டை, கயிற்றுக் கதையையும் சேர்த்து, வாசித்தார்கள். ஒத்துக்கொள்கிறீரா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"ஒத்துக்கிடுதேன் ஐயா."

அதோடு முடிந்திருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். ஏதோ ஒரு நல்லெண்ணத்தில், "இனிமே இப்படிக் கயிறு கட்டிக்கிட்டுத் தூங்குவீரா?" என்று கேட்டார். அந்தக் கூண்டில் நின்ற அத்தனை பேரும் காலங்காலமாக 'மாட்டேன் ஐயா' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். சுடலைக்கண்ணன் யோசித்தார். அவருக்கு உருப்படாத பழக்கம் ஒன்று உண்டு, கேள்வி கேட்டால் யோசிப்பார்.

"வரிசை இருக்க மட்டும் கயிறும் இருக்கும் ஐயா. வரிசையை எடுத்துருங்க, கயிறை நான் எடுத்துருதேன்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பேனாவை எடுத்தார். இரண்டாயிரம் ரூபாய் அபராதம், அதோடு நீதிமன்றம் கலையும் வரை சிறை.

சிறை என்றால் கம்பி இல்லை, களியும் இல்லை. கோர்ட்டின் கடைசிப் பெஞ்சில், மாஜிஸ்திரேட் வேலையை முடித்து எழுந்து போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மணி பதினொன்று ஐம்பது. சுடலைக்கண்ணனுக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. தலைக்கு மேல் ஃபேன் ஓடியது, விரலில் கயிறு இல்லை. ஒன்றரை மணிக்கு மாஜிஸ்திரேட் எழுந்ததும் தண்டனை முடிந்தது என்று கிளம்பி வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"எங்கன போறீரு?" என்று கோர்ட் போலீஸ்காரர் சட்டையைப் பிடித்தார்.

"கலைஞ்சிட்டுல்லா?"

"அவரு சாப்பிடப் போறாரு. அது கலையிறது இல்ல. உக்காரும்."

மறுபடி உட்கார்ந்தார். அன்று பார்த்து ஒரு சொத்து அடிபிடி வழக்கு, பதினான்கு சாட்சி. ஐந்தே காலுக்குத்தான் கலைந்தது. அதற்குள் சுடலைக்கண்ணன் இரண்டு தூக்கம் போட்டு, ஒரு முறை குறட்டைக்காகத் திட்டும் வாங்கியிருந்தார். பாதகமில்லை என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்.

கிருபாநிதி அவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"ஓய், சிறையா? அபராதத்தோட வாரும்னுதானவே சொல்லி அனுப்பினேன்! என்னத்துக்கு வாயைத் திறந்தீரு?"

"கேட்டாரு, சொன்னேன்."

"அடுத்த மாசத்துல இருந்து யார்டுக்காரன் புது கேட் பாஸ் போடுதான். ஒவ்வொரு டிரைவருக்கும் போலீஸ் சான்று கேக்கான். அபராதம்னு இருந்தா கண்டுக்கிட மாட்டான். சிறைன்னு இருந்துச்சோ, கேட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. பாஸ் இல்லாத ஆளுக்கு நான் எந்த வண்டியக் குடுக்க?"

"பெஞ்சுலதான சார் இருந்தேன்."

"பெஞ்சோ பாளையங்கோட்டையோ, பேப்பர்ல சிறைன்னுதான வரும்."

சுடலைக்கண்ணன் வெளியே வந்து தன் வண்டியைப் பார்த்தார். இருபத்திரண்டு வயதில் உப்பளத்தில் உப்பு வாருவதை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். பிடித்தது பிடித்ததுதான், வேறு எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் திரும்பிப் போனால் உப்பளத்துக்காரன்கூட ஒரு மாதிரிதான் பார்ப்பான். பாஸ் போனால் சோறு போச்சு. அன்றுதான் அவருக்குத் தண்டனை என்றால் என்ன என்று உறைத்தது.

மேல்முறையீடு செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். வரிசையில் நிற்கையில் இதை அம்புரோஸிடம் சொன்னார். அம்புரோஸ் காலில் கட்டோடு, புதுக் கேனோடு மறுபடி டீ விற்க வந்துவிட்டான். விபத்து நடந்த நாளிலிருந்து அவன் சுடலைக்கண்ணனிடம் மட்டும் காசு வாங்குவதில்லை. பாவம், நல்ல மனசு என்று இவர் நினைத்திருந்தார்.

"மேல்கோர்ட்டுக்கா?" அம்புரோஸ் கிளாஸைக் கழுவுவதை நிறுத்தினான். "வேணாம் அண்ணாச்சி. மாதாவே, அந்தப் பக்கம் போகாதிய. ஆலந்தலையில என் சொக்காரன், சித்தப்பன் மவன் ஒருத்தன் ஆயிரம் ரூவா அபராதத்துக்கு அப்பீல் போட்டான். பெரிய ஜட்ஜ் ஆறு மாசமாக் கூட்டி விட்டுட்டாரு."

"கூட்டுவாங்களா?"

"கூட்டுவாங்க, குறைப்பாங்க, அவுக இஷ்டம். போனதைத் தோண்டாதிய. இந்தாங்க, இன்னொரு டீ குடிங்க."

அந்த ஆறு மாதத்தைச் சுடலைக்கண்ணனால் தலையிலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. அதோடுதான் வக்கீல் ஜெபசுதாவைப் பார்க்கப் போனார். நாசரேத்துப் பெண், வக்கீலாகி நான்கு வருடம். தீர்ப்பு நகலைப் படித்துவிட்டு விரலை மடக்கினாள்.

"அண்ணாச்சி, முதல்ல ஒண்ணு. நீங்க குற்றத்தை ஒத்துக்கிட்டீங்க. அதனால நான் தப்பே செய்யலன்னு மேல்கோர்ட்ல சொல்ல முடியாது. அந்தக் கதவு அடைச்சாச்சு. தண்டனை அதிகம்னு மட்டுந்தான் சொல்லலாம்."

"சரக்கு நம்ம தலையில கட்டியாச்சு, விலையில மட்டும் பேரம் பேசலாம். அதானம்மா?"

"அதேதான்."

"பேரம் பேசப் போய் விலையைக் கூட்டிட்டா? ஆறு மாசம்னு ஒருத்தன் சொல்லுதான்."

"யாரு சொன்னது? தண்டனை வாங்கினவர் போடுற அப்பீல்ல ஜட்ஜ் குறைக்கலாம், ரத்து பண்ணலாம், அப்படியே விடலாம். கூட்ட முடியாது. கூட்டணும்னா அரசாங்கம் தனியா அப்பீல் போடணும். அவங்க போடல."

"ஒரு நாள்கூடக் கூட்ட முடியாதா?"

"ஒரு நிமிஷம் கூட."

சுடலைக்கண்ணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் எதற்கும் உச்சவரம்பு உண்டு என்று அவர் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை.

"ஆனா ஒரே ஒரு விஷயம்" என்றாள் ஜெபசுதா. "கோர்ட்ல நீங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தீங்க, நான் கேஸ் கட்டைக் கட்டி வச்சிட்டு வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் அந்த டீக்காரரைக் கூட்டிட்டு வாங்க. காயம் ஆறிட்டுன்னு ஜட்ஜம்மா கண்ணால பாக்கட்டும்."

அம்புரோஸ் வர மறுத்தான். கடல் மேல் போக வேண்டும் என்றான், கடலுக்குப் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது. மாமியாருக்குக் காய்ச்சல் என்றான், மாமியார் எதிரே நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் சுடலைக்கண்ணன் அவன் மொபெட்டின் பின்னாலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்பம் எங்கன போனாலும் நானும் வருவேன்" என்றார். வேறு வழியில்லாமல் செசன்ஸ் கோர்ட்டுக்கு விட்டான்.

ஜட்ஜம்மா ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுகிறவர். கோப்பைப் புரட்டினார்.

ஜெபசுதா எழுந்து சொன்னாள். முப்பது வருட ஓட்டுநர், இதற்கு முன் ஒரு வழக்கும் இல்லை, வண்டி உருண்டது நாலடி, காயம் சிறியது, அபராதம் கட்டியாயிற்று, சிறையை மட்டும் நீக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைப்பு போய்விடும்.

அரசு வக்கீல் எழுந்தார். "சிறையை எடுக்கறதா இருந்தா அபராதத்தை ஐயாயிரமா உயர்த்தணும். ஏதாவது ஒண்ணு இருக்கணும்ல, மேடம்."

"அப்பீல் போட்டது அவரு. நீங்க போட்டிருந்தா உயர்த்துறதைப் பத்திப் பேசலாம். போட்டீங்களா?"

"போடல."

"அப்போ உக்காருங்க."

சுடலைக்கண்ணனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வக்கீலம்மா சொன்னது அட்சரம் பிசகவில்லை. கூட்டவே முடியாது. அந்தக் குளிர்ச்சியில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஜட்ஜம்மா நேராக அவரைப் பார்த்தார்.

"நீங்கதானா கயிறு கட்டிக்கிட்டுத் தூங்கினது? இனிமே கட்டுவீங்களா?"

ஜெபசுதா திரும்பி முறைத்தாள். அவள் கை கேஸ் கட்டின் நாடாவுக்குப் போய்விட்டது. சுடலைக்கண்ணன் யோசித்தார்.

"கட்டுவேம்மா" என்றார். "கீழ்க்கோர்ட்ல இதைச் சொல்லித்தான் உள்ள இருந்தேன். இங்கன என்ன சொன்னாலும் கூட்ட முடியாதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாவ. அதான் தைரியமா உண்மையைச் சொல்லுதேன்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. டவாலி "சைலன்ஸ்" என்றான், அவனும் சிரித்துக்கொண்டே. ஜட்ஜம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க வக்கீல் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. கூட்ட முடியாது. ஆனா குறைக்காம விடலாம். அதைச் சொன்னாங்களா?"

சொல்லியிருந்தாள். விரலை மடக்கிச் சொல்லியிருந்தாள். இவர் காதில் பாதிதான் ஏறியிருந்தது. சுடலைக்கண்ணனின் முகம் வெளுத்தது. யார்டின் கேட் ஒன்று எங்கேயோ மூடிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"கயிறு இழுத்தா முன்வண்டி போகுதுன்னு அர்த்தம். அன்னைக்கு முன்வண்டி போகல. அப்போ கயிறு எப்படி இழுத்தது? தூக்கக் கலக்கத்துல நீங்களா எடுத்தீங்களா?"

"இழுத்துதும்மா. சத்தியமா இழுத்துது. யாரு இழுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

பின்வரிசையில் ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது. அம்புரோஸ் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"நான்தாம்மா."

"நீங்க யாரு?"

"டீ. கால்ல ஊத்துனது எனக்குத்தான்." அம்புரோஸ் கட்டுப் பிரித்த இடது காலைத் தூக்கிக் காட்டினான். "முகம் துடைச்ச துண்டு ஈரமா இருந்துச்சும்மா. ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஒரு கயிறு தொங்குனுச்சு. கொடின்னு நெனச்சுக் காயப்போட்டேன். துண்டு தரையில முட்டுனுச்சு. கயிறு ரொம்பத் தொய்வா இருக்குன்னு..." அவன் எச்சில் விழுங்கினான். "இழுத்துக் கட்டுனேன்."

சுடலைக்கண்ணன் அவனையே பார்த்தார். அத்தனை ஓசி டீக்கும் இப்போதுதான் கணக்கு விளங்கியது.

"ஏலே அம்புரோசு! இழுத்துக் கட்டினியா? அந்த முனையில என் வெரல்லா இருந்துது!"

"எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும்? கொடிக்கு அந்தப்பக்கம் ஆளு இருப்பாம்னு எவன் கண்டான்?"

"சைலன்ஸ்!"

ஜெபசுதா சட்டென்று எழுந்தாள். "மேடம், காயம்பட்டவரே..."

"தெரியுதும்மா." ஜட்ஜம்மா கையை உயர்த்தினார். "கீழ்க்கோர்ட்ல வழக்கு நடத்தியிருந்தா இவர் சாட்சிக்கூண்டு ஏறியிருப்பார், கயிறும் ஏறியிருக்கும். உங்க ஆளுதான் முதல் நாளே ஒத்துக்கிட்டாரே. அவர் ஒத்துக்கிட்டதை நான் இப்போ இல்லைன்னு எழுத முடியாது."

"பத்து நாள் கூலி மிச்சம்னு மேனேஜர் சொன்னாரும்மா" என்றார் சுடலைக்கண்ணன். ஜெபசுதா அவர் காலை மிதித்தாள். நல்லவேளை, இடது கால்.

மதியத்துக்குப் பிறகு தீர்ப்பு. சுருக்கமாகத்தான் வாசித்தார்கள். குற்றம் என்ற தீர்மானம் நிற்கும், பார்க்காமல் பிரேக்கை விட்டது கவனக்குறைவுதான். அபராதம் நிற்கும். கயிற்றை இழுத்தது காயம்பட்டவரே என்பதாலும், முன்குற்றம் இல்லை என்பதாலும், நீதிமன்றம் கலையும் வரையிலான சிறைத்தண்டனை ரத்து செய்யப்படுகிறது.

"இனிமே கயிறு கட்டினா சக்கரத்துக்கு முன்னால கட்டையும் வைங்க" என்றார் ஜட்ஜம்மா. "இது தீர்ப்புல இல்ல. நான் சொல்றேன்."

"வைக்கேம்மா" என்றார் சுடலைக்கண்ணன். இந்த முறை யோசிக்கவில்லை.

வெளியே வந்ததும் கிருபாநிதிக்குப் போன் போட்டாள் ஜெபசுதா. அபராதம் மட்டும்தான் என்று நகல் கிடைத்தால் பாஸ் போட்டுவிடலாம், வண்டியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று அந்தப் பக்கம் சத்தமாகச் சொன்னது சுடலைக்கண்ணனுக்கே கேட்டது. அவர் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார். அம்புரோஸ் நாலு அடி தள்ளி நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, கோவமா?"

"போலே. உன் கால் வெந்துது, என் வெரல் வீங்குச்சு. கழிஞ்சு போச்சு."

பிறகு அவர் அப்படியே நின்றுவிட்டார். யோசிக்கிறார் என்று தெரிந்ததும் ஜெபசுதாவுக்குப் பயம் வந்தது.

"வக்கீலம்மா, சிறையை ரத்து பண்ணிட்டாவல்லா?"

"ஆமா."

"அப்பம் அது இல்லன்னு ஆயிட்டு."

"ஆமா அண்ணாச்சி."

"ஆனா நான் இருந்துட்டேனே!"

ஜெபசுதா படித்த சட்டப் படிப்பில் அதற்கு ஒரு தாளும் வைக்கவில்லை. சுடலைக்கண்ணன் அவளுக்காகக் காத்திருக்காமல் நேராக உள்ளே போய் பெஞ்ச் கிளார்க்கின் மேஜை முன் நின்றார்.

"சார், கீழ்க்கோர்ட்ல நான் இருந்த நேரத்தைத் திருப்பி வாங்க எங்கன எழுதிக் குடுக்கணும்?"

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். பைத்தியமா என்று பார்த்தார், இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாகவே சொன்னார். "அபராதம் குறைஞ்சிருந்தா மிச்சப் பணத்துக்கு ரீபண்ட் மனு போடலாம். நேரத்துக்கு மனு கிடையாது."

"அப்பம் அடுத்த தடவ ஏதும் ஆச்சுன்னா கழிச்சுக்கிடலாமா?"

"கழிக்க முடியாது. அது வேற கேஸ்."

"அப்பம் அது யாருகிட்ட நிக்கு?"

கிளார்க் அடுத்த கோப்பை எடுத்துவிட்டார்.

சுடலைக்கண்ணன் அவர் மேஜையிலிருந்தே பேனாவை எடுத்து, தீர்ப்பு நகல் கேட்கிற விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதினார். பதினொன்று ஐம்பதிலிருந்து ஐந்தே கால் வரை. அரசாங்கம் எனக்குத் தர வேண்டியது ஐந்து மணி இருபத்தைந்து நிமிடம். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, கிளார்க்கின் கையில் கொடுத்தார். அரசாங்கம் இன்னும் தரவில்லை.